கிருமிக்குப் பெயர் கொடுத்த கால்நடை மருத்துவர்

உலகில் பெரும்பணி ஆற்றியோருக்குச் சிலை எழுப்புவர். தெருவுக்கும் ஊருக்கும் அவர்தம் பெயரைச் சூட்டுவர். டேனியல் எல்மர் சால்மன் என்ற அமெரிக்கருக்கு வாய்த்ததோ ஒரு நோய்க்கிருமி! சால்மொனெல்லா என்ற பெயரைக் கேட்டதும் சால்மன் மீனை நினைப்போர் நம்மில் உண்டு. மீனுக்கும் அப்பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது ஒரு கால்நடை மருத்துவரின் பெயர். கெட்ட முட்டையால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர் என்று எந்த நாட்டிலிருந்து செய்தி வந்தாலும், பெரும்பாலும் அச்செய்தியில் இம்மனிதரின் பெயர் ஒலிக்கிறது. வாழ்நாளெல்லாம் நோயை விரட்டியவர், நோயின் பெயராகவே நிலைத்துவிட்டார். இது புகழா, பழியா? அவர் வாழ்வைப் பார்த்த பின் நாமே முடிவு செய்வோம்.

அயோவா முட்டைகள்

முதலில் அவர் பெயர் தாங்கிய கிருமி செய்த கேடு ஒன்றைக் காண்போம். 2010ஆம் ஆண்டு மே மாதம் முதல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் துன்புற்றோரின் எண்ணிக்கை வழக்கத்தைவிட ஏறிக்கொண்டே போயிற்று. ஓரிடத்தில் விருந்து உண்டவர்கள், வேறோரிடத்தில் உணவகத்தில் உண்டவர்கள், இன்னோரிடத்தில் வீட்டில் உண்டவர்கள் என ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மக்கள் அவர்கள். ஆயினும் அவர்களிடமிருந்து பிரித்தெடுத்த கிருமி ஒரே வகையினது: சால்மொனெல்லா என்டெரிடிடிஸ். அவர்கள் உண்டவற்றை ஆராய்ந்தபோது விரல்கள் யாவும் முட்டையைச் சுட்டின. முட்டையின் வழியைப் பின்தொடர்ந்தவர்கள் அயோவா மாநிலத்தின் இரு பெரும் கோழிப்பண்ணைகளைச் சென்றடைந்தனர். 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் இறுதிக்குள் 1,939 பேரின் நோய் இதனோடு தொடர்புடையதாகலாம் எனக் கணக்கிடப்பட்டது. மருத்துவரிடம் செல்லாமல் வீட்டிலேயே கிடந்து தேறியோர் இக்கணக்கில் அடங்கமாட்டார்.

பண்ணைகளுக்குள் நுழைந்த அரசு ஆய்வாளர்கள் மலைபோல் குவிந்த எச்சத்தையும், எலிகளையும், ஈக்கூட்டத்தையும் கண்டனர். இன்னொரு செய்தியும் உண்டு. பெரும் பண்ணைகளில் இக்கிருமியைத் தடுப்பதற்கென்று எழுதப்பட்ட புதிய முட்டைப் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்த நாள் 2010 ஜூலை 9. நோய் தொடங்கியதோ மே மாதம். விதி வருவதற்குள் வினை முந்திக்கொண்டது.

ஓடு முழுமையாக இருக்கும் முட்டைக்குள் கிருமி எப்படிப் போகும் என்று கேட்கலாம். எச்சம் பட்டு ஓட்டின் மேல் ஒட்டிக்கொள்வது ஒரு வழி. அதைவிடக் கொடியது மற்றொரு வழி. இவ்வகைக் கிருமி கோழியின் சூலகத்திலும் கருக்குழாயிலும் குடிபுகுந்து, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டையின் உள்ளே சேர்ந்துவிடும். கோழி நலமாகவே திரியும். முட்டை வெள்ளை வெளேரென்று இருக்கும். உடைத்தால் நாற்றமும் இராது. கண்ணாலும் மூக்காலும் அறிய முடியாத பகை அது. ஆகவே அதைக் கோழிக்கூண்டிலேயே தடுக்க வேண்டும். தவறினால் அடுப்பில்தான் கொல்ல வேண்டும். விலங்கைக் காத்தால் மனிதனைக் காக்கலாம் என்ற இந்த உண்மையை ஓர் அரசுத்துறையின் கடமையாக ஆக்கிக் காட்டியவர்களுள் முதன்மையானவரே நம் சால்மன்.

தாய் தந்தையை இழந்த சிறுவன்

1850ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தின் மவுண்ட் ஆலிவ் என்ற ஊர்ப்பகுதியில் சால்மன் பிறந்தார். 1851இல் தந்தை மறைந்தார்; 1859இல் தாயும் மறைந்தார். ஒன்பது வயதும் நிறையாத சிறுவனை உறவினர் ஒருவர் தம் வீட்டில் வைத்து வளர்த்தார். பண்ணையில் வேலை செய்தும், சிற்றூர்க் கடையொன்றில் கணக்கெழுதியும் வளர்ந்தவர் அவர். மாடும் பன்றியும் அவருக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகமானவை அல்ல.

1868ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகம் தன் கதவுகளைத் திறந்தது. அந்த முதல் ஆண்டிலேயே சேர்ந்த மாணவர்களுள் சால்மனும் ஒருவர். ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் லா என்ற பேராசிரியர் அங்கே கால்நடை மருத்துவம் கற்பித்தார். நல்லாசிரியர் ஒருவர் அமைந்தால் மாணவன் வாழ்வின் திசையே மாறிவிடும் என்பதற்கு இவ்விருவரும் சான்று. லாவின் வழிகாட்டுதலில் பயின்ற சால்மன், படிப்பின் இறுதிப் பகுதியைப் பாரிசுக்கு அருகிலுள்ள ஆல்ஃபோர்ட் கால்நடை மருத்துவப் பள்ளியில் கழித்து, 1872இல் பட்டம் பெற்றார். நியூவர்க் நகரில் மருத்துவம் பார்த்தார். பின்னர் உடல்நலம் கருதி வட கரோலினாவின் ஆஷ்வில் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1876இல் கார்னெல் பல்கலைக்கழகம் அவருக்குக் கால்நடை மருத்துவத்தில் டாக்டர் பட்டம் அளித்தது. அமெரிக்க நாட்டில் அப்பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே.

இருபது பேரைக் கொண்ட படை

அந்நாளில் அமெரிக்கக் கால்நடைகளைப் பெருநோய் ஒன்று வாட்டியது. மாடுகளின் நுரையீரலைத் தாக்கும் தொற்றுநோய் அது. 1843ஆம் ஆண்டில் கப்பலில் வந்திறங்கிய ஒரு பசுவின் மூலம் நியூயார்க் பகுதிக்குள் நுழைந்து, கொட்டில் கொட்டிலாகப் பரவியது. 1879இல் பிரிட்டன், அமெரிக்க மாடுகளைத் துறைமுகத்திலேயே வெட்டிவிட வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது. மாட்டு வாணிகம் தள்ளாடியது. ஒரு மாநிலம் நோயை அடக்கினாலும் அடுத்த மாநிலத்திலிருந்து அது மீண்டும் வந்தது. கிருமிக்கு மாநில எல்லை ஏது?

இந்நோயை எதிர்க்கும் பணியில் தம் ஆசிரியர் லாவுடன் சேர்ந்து உழைத்த சால்மன், 1883இல் தலைநகர் வாஷிங்டனுக்கு அழைக்கப்பட்டார். 1884 மே 29ஆம் நாள் குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் கையொப்பமிட்ட சட்டத்தால் கால்நடைத் தொழிற் பணியகம் உருவாயிற்று. அதன் முதல் தலைவர் சால்மன். 20 பேருக்கு மேல் பணியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அச்சட்டம் வரையறுத்திருந்தது. ஒரு கண்டத்தின் கால்நடைகளைக் காக்க 20 பேர்!

அவர்கள் மேற்கொண்ட முறை எளியது, நிறைவேற்றுவதோ கடினம். நோயுள்ள கொட்டிலைக் கண்டறிவது, மாட்டைப் பிரித்து வைப்பது, நோயுற்றதை வெட்டுவது, உடையவனுக்கு இழப்பீடு கொடுப்பது, கொட்டிலைத் தூய்மை செய்வது, மீண்டும் சென்று பார்ப்பது. இவற்றுள் இழப்பீடுதான் திறவுகோல். மாட்டை இழந்தால் பிழைப்பே போய்விடும் என்ற நிலையில் உள்ள ஏழை நோயை மறைக்கவே செய்வான். அவனைத் தண்டித்துப் பயனில்லை. அவன் இழப்பை ஈடுசெய்தால் உண்மை தானே வெளிவரும். 1892இல் அந்நோய் அமெரிக்க மண்ணிலிருந்து முற்றாக ஒழிந்தது. மருந்தும் இல்லாமல், கிருமி இன்னதென்றும் தெரியாமல் பெற்ற வெற்றி அது. அந்நோயின் கிருமியை ஐரோப்பிய அறிஞர்கள் கண்டதே 1898இல்தான்.

மனிதர் உண்ணும் இறைச்சியின் பாதுகாப்பும் அவர் பொறுப்பில் வந்தது. அமெரிக்கப் பன்றி இறைச்சியில் புழு இருக்கிறது என்று கூறி ஐரோப்பிய நாடுகள் அதைத் தடுத்திருந்தன. 1890, 1891 ஆண்டுகளின் சட்டங்கள் வழியாக இறைச்சிச் சோதனை தொடங்கியது. நுண்ணோக்கியின் முன் அமர்ந்து இறைச்சித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவர்களுள் பலர் பெண்கள். அவர்களின் பெயர்கள் எந்தக் கிருமிக்கும் சூட்டப்படவில்லை.

தையற்காரர் மகன்

இனி நம் கதையின் முடிச்சுக்கு வருவோம். பணியகத்தின் ஆய்வுக்கூடத்தில் தியோபால்டு ஸ்மித் என்ற இளைஞர் இருந்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஏழைத் தையற்காரரின் மகன். கார்னெலில் பட்டம் பெற்று, ஆல்பனியில் மருத்துவமும் பயின்றவர். 1883 இறுதியில் பணிக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது 24. சால்மன் அலுவலகத்தையும் சட்டமன்றக் குழுக்களையும் கவனித்துக்கொண்டிருக்க, ஸ்மித் நுண்ணோக்கியோடும் கிருமி வளர்ப்புக் குடுவைகளோடும் இரவு பகலாக உழைத்தார்.

அக்காலத்தில் பன்றிக் காலரா என்ற நோய் பன்றிகளைக் கூட்டம் கூட்டமாக மாய்த்துக்கொண்டிருந்தது. 1885இல் நோயுற்ற பன்றிகளிலிருந்து ஸ்மித் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். கண்டது உதவியாளர், ஆயினும் அறிக்கைகளில் தலைவரின் பெயரே முன்னே நின்றது. 1900ஆம் ஆண்டில் லினியேர் என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் அக்கிருமிக் குழுவுக்கு ஒரு பேரினப் பெயர் வைக்க எண்ணியபோது, சால்மனின் நினைவாகச் சால்மொனெல்லா என்று வைத்தார். ஸ்மித்தின் பெயர் அங்கே இல்லை.

விந்தை இதோடு முடியவில்லை. பன்றிக் காலராவுக்கு அக்கிருமி காரணமே அல்ல! நோயால் நலிந்த பன்றியின் உடலில் பின்னர் வந்து பெருகும் கிருமி அது. உண்மைக் காரணம் மிக நுண்ணிய வடிகட்டியையும் கடந்து செல்லும் ஒரு வைரஸ் என்பதை 1903இல் அதே பணியகத்தின் ஆய்வாளர்களே வெளிப்படுத்தினர். கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர், கருதிய காரணமோ தவறு. இத்தனை கோணல்களுக்கிடையில் பிறந்ததுதான் நாம் இன்று பாடமாகப் படிக்கும் சால்மொனெல்லா.

ஆனால் அந்தத் தவறான பாதையிலும் ஒரு மாணிக்கம் கிடைத்தது. கிருமியை வெப்பத்தால் கொன்று, அந்த உயிரற்ற கிருமியைப் புறாக்களின் உடலில் செலுத்தினர். பின்னர் உயிருள்ள கிருமியைச் செலுத்தியபோது அப்புறாக்கள் நோய்க்கு இரையாகவில்லை. இதை 1886இல் சால்மனும் ஸ்மித்தும் வெளியிட்டனர். அதுவரை தடுப்பூசிக்கு வலுக்குறைந்த உயிர்க்கிருமியே வேண்டும் என்ற எண்ணம் ஓங்கியிருந்தது. செத்த கிருமியும் காவல் தரும் என்று காட்டிய முன்னோடிச் சோதனை இது.

ஸ்மித்தின் அறிவாற்றல் இங்கு நிற்கவில்லை. டெக்சாஸ் காய்ச்சல் என்னும் மாட்டுநோய் தென் மாநிலங்களில் நிலைத்திருந்தது. அந்நோய் நிலைத்த பகுதியின் எல்லையை மாவட்டம் மாவட்டமாக ஆராய்ந்து நிலப்படத்தில் வரைந்தவர் சால்மன். நோயை மாட்டுக்கு மாடு கொண்டு செல்வது உண்ணியே என்பதை ஸ்மித்தும் கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவரும் 1893இல் மெய்ப்பித்தனர். நம் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ட 1897ஆம் ஆண்டுக்கு நான்காண்டுகள் முந்திய செய்தி இது. 1895இல் ஸ்மித் பணியகத்தை விட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குச் சென்றார். பேரறிஞராக விளங்கி 1934இல் மறைந்தார்.

சால்மன் பிறர் உழைப்பைத் தமதாக்கிக்கொண்டாரா? கடிந்து சொல்வது எளிது. அக்காலத்தில் துறைத்தலைவர் பெயர் முன்னால் வருவது வழக்கம் என்று தேற்றிக்கொள்வதும் எளிது. எனக்குத் தோன்றுவது இது: ஸ்மித்துக்கு ஆய்வுக்கூடமும் ஊதியமும் தந்து, கிருமியை ஆராய்வது அரசின் வேலையே என்று ஆட்சியாளரை ஏற்கச் செய்தவர் சால்மன். அது சிறு பணியன்று. ஆனால் அதற்கு விலையாக ஓர் இளைஞரின் கண்டுபிடிப்பு மற்றவர் பெயரில் நிலைத்திருக்கக் கூடாது. தலைவர் செய்ததைத் தலைவர் பெயரிலும், உதவியாளர் கண்டதை உதவியாளர் பெயரிலும் எழுதியிருந்தால் இருவர் புகழுக்கும் குறைவு வந்திராது.

இறக்கமும் இறுதியும்

21 ஆண்டுகள் பணியகத்தை நடத்தினார் சால்மன். இறைச்சிச் சோதனைக்கான அடையாளச் சீட்டுகளை அச்சிட்டுத் தந்த ஒரு நிறுவனத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்த சூழலில், 1905இல் அவர் பதவி விலகினார். பிறர் தூய்மையைச் சோதிக்கும் பொறுப்பில் இருப்பவர் மீது சிறு ஐயம் படிந்தாலும் அது பெரிதாகத்தானே தெரியும்!

அவர் சோர்ந்து அமரவில்லை. 1906இல் தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டுக்குச் சென்று, தலைநகர் மான்டிவிடியோவின் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவக் கல்வியை நிறுவும் பொறுப்பை ஏற்றார். ஐந்தாண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பினார். இறுதி நாள்களில் மான்டானா மாநிலத்தின் பியூட் நகரில், பன்றிக் காலராவுக்கு எதிரான சீரம் தயாரிக்கும் நிலையமொன்றை நடத்தினார். எந்த நோயின் காரணத்தைத் தவறாகக் கருதினாரோ அந்நோயைத் தடுக்கும் மருந்தையே தம் கையால் தயாரித்து வந்தார். உண்மை தெரிந்ததும் பழைய கருத்தைப் பிடித்துக்கொண்டு அழாமல் புதிய வழியில் வேலையைத் தொடர்ந்த இச்செயலே அவர் வாழ்வில் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுகிறது. 1914 ஆகஸ்ட் 30ஆம் நாள் நிமோனியாக் காய்ச்சலால் அவர் மறைந்தார்.

புறாவிலிருந்து கோழிக்கு

அவர் மறைந்த பின்னும் அவர் பெயர் வளர்ந்துகொண்டே போயிற்று. 1888இல் ஜெர்மனியின் ஃபிராங்கன்ஹவுசன் ஊரில் நோயுற்ற பசுவின் இறைச்சியை உண்டு 50க்கும் மேற்பட்டோர் படுத்தபோது, ஆகஸ்ட் கெர்ட்னர் என்ற அறிஞர் அந்த இறைச்சியிலிருந்தும் இறந்த மனிதரின் உடலிலிருந்தும் ஒரே கிருமியைப் பிரித்தெடுத்திருந்தார். அக்கிருமியும் பின்னாளில் சால்மொனெல்லா இனத்தில் சேர்க்கப்பட்டது. அதுவே அயோவா முட்டைகளில் இருந்த என்டெரிடிடிஸ். டைபாய்டுக் கிருமியும் இதே இனம். இன்று 2,500க்கும் மேற்பட்ட வகைகள் இப்பெயரின் கீழ் அடங்கும்.

1980களில் பிரிட்டனிலும் இக்கிருமி முட்டைகளில் பரவியது. 1988 டிசம்பரில் நலத்துறை இளைய அமைச்சர் எட்வினா கறி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மொனெல்லாவால் தீண்டப்பட்டது என்ற பொருளில் பேசிவிட்டார். முட்டை விற்பனை சரிந்தது, பண்ணையாளர்கள் கொதித்தனர், இரு வாரங்களுக்குள் அவர் பதவி விலக நேர்ந்தது. பின்னர் 1990களில் அங்குள்ள முட்டைக் கோழிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினர். அதற்குப் பயன்பட்ட தடுப்பூசி எவ்வகையினது தெரியுமா? கொல்லப்பட்ட கிருமியால் ஆனது! 1886இல் புறாக்களில் கண்ட அதே கோட்பாடு, நூறாண்டுகள் கழித்துக் கோழிகளுக்குக் காவலாயிற்று. தடுப்பூசியோடு பண்ணைத் தூய்மையும் எலி ஒழிப்பும் சோதனையும் சேர்ந்தன. நோய் வெகுவாகக் குறைந்தது. சிங்க முத்திரை பெற்ற முட்டைகளைக் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அரைவேக்காட்டிலும் உண்ணலாம் என்று 2017இல் பிரிட்டனின் உணவுத்தர முகமை அறிவித்தது.

நமக்கும் இச்செய்தி அயலானதன்று. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் சால்மொனெல்லாவும் ஒன்று. வெண்கருவும் மஞ்சட்கருவும் கெட்டியாகும்வரை வேகவைத்த முட்டையில் இக்கிருமி பிழைக்காது. பச்சையாக அடித்துக் கலக்கும்போதோ ஒரு முட்டையின் கிருமி பாத்திரம் முழுவதும் பரவும். வெயிலில் வைத்தால் பல்கிப் பெருகும்.

புகழா, பழியா?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சால்மொனெல்லா என்ற பெயர் சால்மனுக்குப் பொருத்தமான புகழன்று. அதைக் கண்டவர் ஸ்மித். அது அவருக்குப் பழியுமன்று. அவர் அந்நோயைப் பரப்பியவர் அல்லர். அவருடைய உண்மையான நினைவுச்சின்னம் வேறு. நோயைக் கொட்டிலிலேயே தேடு, அறிவியலைக்கொண்டு உண்மையைக் காண், சட்டத்தைக்கொண்டு அதை நிறைவேற்று, ஏழையின் இழப்பை ஈடுசெய் என்று 20 பேரை வைத்துக்கொண்டு அவர் நடத்திக் காட்டிய முறையே அது. அம்முறையைக் கைக்கொண்ட இடத்தில் முட்டை உணவாக இருக்கிறது. கைவிட்ட அயோவாப் பண்ணைகளில் அது நோயாயிற்று.

நம் ஆய்வுக்கூடங்களில் சால்மொனெல்லா என்று எழுதிய கண்ணாடித் தட்டைக் கையில் எடுக்கும் நண்பர்கள், அந்த ஒரு பெயருக்குள் இருவர் இருப்பதை நினைவில் வைக்க வேண்டும்: அலுவலக மேசையில் அமர்ந்து ஒரு நாட்டின் கால்நடைகளைக் காத்த தலைவர் ஒருவர், பெயர் எழுதப்படாமல் நுண்ணோக்கியின் முன் குனிந்திருந்த தையற்காரர் மகன் மற்றொருவர். நாளை நாம் ஆய்வறிக்கை எழுதும்போது, குடுவையைக் கழுவியவர் முதல் கிருமியைக் கண்டவர்வரை உழைத்தோர் அனைவரின் பெயரையும் அதில் எழுதுவோமாக. ஸ்மித்துக்கு நாம் செலுத்தும் கடன் அது.